உமாபதி பேசக் கூடாத காட்சி

ஃபேனை நிறுத்திவிட்டார்கள். ஏ.சி. அதற்கு முன்பே போயிற்று, சமையலறையில் முனகிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் பிளக்கை யாரோ பிடுங்கியாயிற்று, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் மிக்சி போடாதீங்கம்மா என்று கெஞ்சிவிட்டு ஒருவர் இறங்கி வந்தாயிற்று. இனி இந்த வளசரவாக்கத்து ஷூட்டிங் வீட்டின் ஹாலில் சத்தம் போட அனுமதி உள்ள ஜீவன் தான் ஒருத்திதான் என்று அபரஞ்சிக்கு உறைத்ததும் வயிறு ஒரு தரம் உறுமியது. மூலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சவுண்ட்காரர் சட்டென்று தலையைத் தூக்கிச் சிரித்தார். "மேடம், டிஃபன் சாப்பிடலையா?" அடப்பாவி, அதுவுமா கேட்கிறது. ஜாக்கெட்டுக்குள் ஒட்டியிருக்கும் பட்டாணி அளவு மைக் வயிற்றைக் கேட்கிறதென்றால் நெஞ்சையும் கேட்கும், இப்போது அது அடிக்கிற அடியைக் கேட்டுவிட்டு இந்த ஆள் போய் டைரக்டரிடம் சொன்னால் போதும், மேடம் பயப்படுறாங்க சார், பேசாம டப்பிங்கே வச்சுக்கலாம் சார். சொல்லட்டுமே. பயப்படுகிறவள்தான். பயமில்லாதவளைக் கூப்பிட்டு வந்தா நடிக்க வைக்கிறார்கள்? கண்ணாடி வளையல் கலகலக்கும் என்று கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். பட்டு சரசரக்கும் என்று காட்டன் புடவை கொடுத்தார்கள், கட்டிக்கொண்டாள். வாயில் ஒரு மிட்டாயைக்கூடப் போடக் கூடாது, எச்சில் சத்தம் கேட்கும். "லைட்டிங் முடியட்டும் மேடம், கொஞ்ச நேரம்தான்" என்று டைரக்டர் ரகுநந்தன் சொல்லிவிட்டுப் போய் எவ்வளவோ நேரமாயிற்று. இந்தத் தொழிலில் கொஞ்ச நேரம் என்றால் ஒரு டீக்கும் இருக்கலாம், ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் இருக்கலாம். நாலு பக்கம். நாலு பக்க வசனம், ஒரே ஷாட், வசனம் எடுத்துக் கொடுக்கிற ப்ராம்ப்டிங் கிடையாது, டப்பிங் கிடையாது, உன் வாய் உன் குரல். இது சரியாக வந்தால் இந்த சீரியல் முழுக்க இப்படியே போகலாம் என்று சேனல் ஒத்துக்கொண்டிருக்கிறது. வராவிட்டால்? "வரலைன்னா பாத்துக்கலாம் மேடம்" என்றாள் சேனலில் இருந்து வந்த அந்தச் சின்னப் பெண், இனிக்க இனிக்க. அந்தப் பாத்துக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் ஊறியவளுக்கா தெரியாது? ஒரு திங்கட்கிழமை எபிசோடில், இந்த அம்மா முகம் வரவேண்டிய இடத்தில் வேறொரு முகம் வந்து நிற்கும், கீழே எழுத்து ஓடும், இவருக்குப் பதில் இவர். வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு வாரம் முணுமுணுப்பார்கள். அடுத்த வாரம் இவரையே அம்மா என்று நம்பிவிடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் அந்த எழுத்தில் முதல் இவர் ஆகக் கூடாது என்று அபரஞ்சி முடிவு செய்திருக்கிறாள், முடிவு செய்தது அவள், வாயைக் கொடுத்தது அவள், எனக்கு ப்ராம்ப்டிங் வேண்டாம் என்று போனில் தெம்பாகச் சொன்னது அவள், இப்போது முதுகில் வியர்வை இறங்குவதும் அவளுக்குத்தான்.

உமாபதி கேமராவுக்கு இடது பக்கம் நிற்கிறார். எப்போதும் அங்கேதான் நிற்பார். மூன்று சீரியல், எத்தனையோ வருஷம், அவளுக்கு வசனம் எடுத்துக் கொடுத்த உதவி டைரக்டர், டைரக்டர்கள் வந்தார்கள் போனார்கள், உமாபதி மட்டும் பேப்பரும் கையுமாக இடது பக்கத்திலேயே இருந்தார். வெளியாட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அவள் கதறுவாளே, ஊரே கூட அழுமே, அந்த ஒவ்வொரு வரியையும் அதற்கு முந்தின நொடியில் உமாபதி சொல்லியிருப்பார், ரேஷன் கடையில் பேர் கூப்பிடுகிற குரலில், ஏற்றம் இல்லை இறக்கம் இல்லை, ஐயோ என் குழந்தையே என்பதும் காபி கொண்டு வா என்பதும் அவர் வாயில் ஒரே மாதிரி. அவர் சொல்வார், அவள் அதை வாங்கிக் கண்ணீரில் நனைத்துத் திருப்பிக் கொடுப்பாள். பிறகு டப்பிங்கில் அவர் குரலும் போய்விடும், அவள் குரலும் போய்விடும், பிரபாவதி என்ற அம்மாவின் குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கே அவள் மூச்சு வாங்குவாள் என்று உமாபதிக்குத் தெரியும், வரியை அந்த இடத்தில் வெட்டித் தருவார். அவள் கணவனுக்குக்கூட அது தெரிந்ததில்லை, தெரிந்திருந்தால் அந்த ஆள் பெங்களூரில் இன்னொரு வீடு வைத்திருக்கமாட்டானோ என்னவோ, சரி, அது எதற்கு இப்போது. நாலு பக்கம். கதையில் விட்டுவிட்டுப் போன புருஷன் திரும்பி வந்து நிற்கிற காட்சி, முதல் பக்கம் மகனாக நடிக்கிற பையன் ஆரம்பிக்கிறான், அப்பா வாசல்ல நிக்கறாரும்மா. நான், நிக்கட்டும். அது வருகிறது. அதற்குப் பிறகு? நிக்கட்டும், இந்த வாசல்ல நான் நின்ன நிலை அவருக்குத் தெரியாது. அதுவும் வருகிறது. அதற்குப் பிறகு? ஏன் ஒவ்வொரு அதற்குப் பிறகுக்கும் கழுத்து இடது பக்கம் சாய்கிறது? யாரும் சொல்லவில்லை, கழுத்தே சாய்கிறது, பால்காரன் மணிக்குக் கன்றுக்குட்டி திரும்புவதுபோல. "உன் முகத்துல ஒரு காது தெரியுதுடி" என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு, பெண் நடித்த சீரியலைப் பார்த்துக்கொண்டே, வாயில் வெற்றிலையோடு. "என்னம்மா காது?" "அழறே. நல்லாத்தான் அழறே. ஆனா அழறதுக்கு முன்னாடி கேக்கறே. ஒவ்வொரு வாட்டியும் கேட்டுட்டு அழறே. உன் முகம் நடிக்கலே ரஞ்சி, ஒட்டுக் கேக்குது." அன்றைக்கு இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள் அபரஞ்சி. கோபம் அம்மாவின் மேல் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது காதுதான் முதலில் தெரிந்தது.

அம்மா பேசலாம். அம்மாவுக்கு உரிமை உண்டு. அம்மா கனகவல்லியும் அப்பா மாசிலாமணியும் சபா மேடைகளில் நின்ற காலத்தில் தங்கள் வசனம் மட்டுமா, எதிரில் நிற்கிறவன் வசனம், வேலைக்காரனாக வந்து தட்டை எடுத்துக்கொண்டு போகிறவன் வசனம், எல்லாம் தலைகீழாகத் தெரியும். வீட்டில் சண்டை வந்தால்கூட அதில் ஒரு ஒழுங்கு இருந்தது, அம்மா முடிக்கிறவரைக்கும் அப்பா காத்திருப்பார், அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் நுழைவார், அம்மா நிஜமாகவே நன்றாகத் திட்டிவிட்டால் "ஒன்ஸ்மோர் கனகு" என்பார், அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும், பருப்புக் குழம்பு அடிப்பிடித்துவிடும். அத்தனை ஞாபகசக்தியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனார்கள். என்ன கிடைத்தது? அப்பா இன்ஸ்பெக்டர். கடைசி காட்சியில் ஜீப்பில் வந்து இறங்கி, யூ ஆர் அண்டர் அரெஸ்ட். அம்மா நர்ஸ். டாக்டர் உங்களைக் கூப்பிடறார். அவ்வளவுதான், ஆயுசு பூராவும் ஒரு வரி, ஒரு வரி, ஒரு வரி. தலைக்குள் ஒரு நாடகக் கொட்டகையே இருந்தவர்களுக்கு ஒரு வரி கொடுத்த தொழில், தலைக்குள் ஒன்றுமே நிற்காத பெண்ணுக்குப் பக்கம் பக்கமாகக் கொடுத்தது, சிரிக்கத்தான் வேண்டும். சின்ன வயசில் தலையில் நிற்கத்தான் செய்தது. எப்போது போயிற்று? பதினேழு வயசில் முதல் படம், தங்கை வேஷம், எடிட்டிங்கில் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளர் முகத்தைச் சுளித்தார், பொண்ணு முகம் மகாலட்சுமி, குரல் மளிகைக்கடை அண்ணாச்சி. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை, அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தது. கட்டைக் குரல். கொஞ்சம் உடைந்த குரல், அப்பாவுடையது. அன்றைக்கு வாயை மூடியதுதான். குரல் தேவையில்லை என்றானபின் வசனம் எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும், உதடு அசைந்தால் போதும். பம்பாயிலிருந்து வந்த, தமிழ் தெரியாத ஒரு கதாநாயகி, படத்தில் புருஷன் செத்த காட்சியில் வசனத்துக்குப் பதில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியே அழுதாள், அழுகை பிரமாதம் என்று பத்திரிகையில் வந்தது. அபரஞ்சி அந்த அளவுக்குப் போகவில்லை, உமாபதி சொன்னதைத்தான் சொன்னாள், அதில் ஒரு கௌரவம். ஆனால் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டால் கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பார், முகத்தில் வெளிச்சம் வரும், அப்புறம் அணையும். "நீங்க அந்த அம்மா மாதிரியே இருக்கீங்க. குரல்தான் வேற." ஒரு விழாவில் பிரபாவதிக்குச் சிறந்த பின்னணிக் குரலுக்கான பரிசு, எந்தப் பாத்திரத்துக்கு, அபரஞ்சியின் பாத்திரத்துக்கு, யார் கையால், அபரஞ்சியின் கையால். பிரபாவதி நல்ல மாதிரி, காதோரம் குனிந்து, "நீங்க மூச்சு விடறது ரொம்ப நல்லா இருக்கும் மேடம், எனக்கு ஈஸியா இருக்கும்" என்றாள். தன் குரலே தன்னிடம் வந்து உன் மூச்சு நல்லா இருக்கு என்று சொன்ன மாதிரி இருந்தது. புன்னகை செய்தாள். புன்னகைக்கு டப்பிங் தேவையில்லை.

டச்சப் செய்கிறவர் வந்து நெற்றியை ஒற்றினார், பஃப் ஈரமாக இருந்தது, வேறு எத்தனை பேர் வியர்வையோ. மேலே தூக்கிய விளக்கை இறக்கி, இறக்கியதை மறுபடி தூக்குகிறார்கள். இரண்டாம் பக்கம். இரண்டாம் பக்கம் எப்படி ஆரம்பிக்கிறது? ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர். சுவரில் ஒரு பல்லிகூட இல்லை. பயப்படாதே, கையைப் பார், இரண்டாம் பக்கம் கையில் ஆரம்பிக்கும், சோபாவின் மேல் துண்டை எடுத்து மடிப்பாய், மடிக்கும்போது வரும், உன் பரீட்சை ஃபீசுக்கு. ஆ, வந்துவிட்டது. உன் பரீட்சை ஃபீசுக்கு நான் யார் வீட்டு வாசல்ல நின்னேன்னு உனக்குத் தெரியுமா. வந்துவிட்டது, மூளையில் இல்லை, துண்டில் இருக்கிறது, துண்டு இருக்கிறவரைக்கும் பயமில்லை. ஆனால் அப்படித்தானே அப்பாவின் இரங்கல் கூட்டத்துக்கும் நினைத்துக்கொண்டு போனாள், பேச என்ன இருக்கிறது, நம் அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை, வந்துவிடும். தி.நகரில் ஒரு சின்ன ஹால், அப்பாவின் படத்துக்கு மாலை, சந்தனம், எதிரில் பழைய நாடகக்காரர்கள், சினிமாக்காரர்கள் சிலர், சீரியல் யூனிட் மொத்தமும். மகள் பேசுவார் என்றார்கள். மைக் முன்னால் போய் நின்றாள். அப்பா ஜீப்பிலிருந்து இறங்குவது ஞாபகம் வந்தது, அப்பா ஒன்ஸ்மோர் கேட்பது ஞாபகம் வந்தது, ஆஸ்பத்திரியில் அப்பா அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது ஞாபகம் வந்தது, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. வார்த்தை வரவில்லை. ஹால் காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். எதற்கு? கழுத்து இடது பக்கம் சாய்ந்தது. மேடைக்குக் கீழே, இடது ஓரம், உமாபதி. பாவம், அந்த மனுஷனுக்கும் பழக்கம், ஒரு நடிகை வாய் திறக்காமல் நின்றால் அவருக்கு உடம்பே பதறும், உதட்டை அசைக்காமல், அந்த ரேஷன் கடைக் குரலில், மெல்ல, "எங்க அப்பா மேடையில ராஜா." எங்க அப்பா மேடையில ராஜா, என்றாள் அபரஞ்சி. "ஆனா வீட்டில அவர் ஒரு குழந்தை." ஆனா வீட்டில அவர் ஒரு குழந்தை. ஹாலில் ஒரு விசும்பல். அதற்குப் பிறகு நிற்கவில்லை, அவர் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள், அப்பா அவளுக்கு ஊட்டிய முதல் பாடம் என்று ஏதோ வந்தது, அப்படி ஒரு பாடமே கிடையாது, ஏதோ ஒரு சீரியலில் உமாபதியே எழுதிச் சேர்த்த வரி, அதையும் சொன்னாள், சொல்லி அழுதாள், நிஜமாகவே அழுதாள், அவ்வளவு பேரும் அழுதார்கள், கீழே இறங்கியபோது கையைப் பிடித்துக்கொண்டு, மாசிலாமணியே வந்து பேசின மாதிரி இருந்துதும்மா என்றார் ஒரு பெரியவர். யாருக்கும் தெரியவில்லை. காரில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். கோடம்பாக்கம் பாலம் தாண்டியதும் சொன்னாள். "உங்கப்பாவைப் பத்தி உமாபதி நல்லா பேசினான்."

அதற்கு மேல் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். பெற்ற அப்பனுக்கு ஒரு வரி சொந்தமாகச் சொல்லத் தெரியாத வாய் எதற்கு என்று அபரஞ்சிக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் வெந்து கோபமாயிற்று, கோபம் ஆறிப் பிடிவாதமாயிற்று. அந்தப் பிடிவாதம்தான் இப்போது இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வேஷத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ரகுநந்தனுக்குத் தானே போன் செய்தாள், எந்த நடிகை தானே போன் செய்வாள், கௌரவம் போயிற்று, போகட்டும். பேப்பர் கைக்கு வந்த அன்றே அம்மாவிடம் போய் நின்றாள், பையன் வசனத்தை மட்டும் நீ படிம்மா, நான் என்னுடையதைச் சொல்லிப் பார்க்கிறேன். கனகவல்லி பேப்பரைத் தொடக்கூட இல்லை. "நான் எடுத்துக் கொடுத்தா அதுவும் ப்ராம்ப்டிங்தானேடி? போ. போய் எங்கயாவது சத்தத்துல சொல்லிப் பழகு." இரக்கமே இல்லாத பொம்பளை. வாஷிங் மெஷினிடம் சொன்னாள். அது தண்ணீர் பிடிக்கும்போது முதல் பக்கம், சுற்றும்போது இரண்டாம் பக்கம், உதறும்போது மூன்றாம் பக்கம் கத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தனக்கே கேட்காது. முதல் சில நாள் தன் குரலைக் கேட்கவே கூச்சமாக இருந்தது, வேறு யாரோ வீட்டுக்குள் புகுந்து பேசுகிற மாதிரி. அப்புறம் ஒரு மத்தியானம் மெஷின் நின்றதும் அவள் நிற்கவில்லை, நாலாம் பக்கம் வரைக்கும் போய்விட்டாள், வீடு நிசப்தமாக இருந்தது, அந்த உடைந்த குரல் கீறல் விழுந்த பானையைத் தட்டின மாதிரி அறைக்குள் திரும்பி வந்தது, அசிங்கமாக இல்லை. அடேயப்பா, அசிங்கமாக இல்லையே என்று அவளே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கணம் மட்டும் இப்போது வந்தால் போதும்.

"அம்மா." பையனாக நடிக்கிற ஹரீஷ் வந்து பக்கத்தில் குந்தினான். கேமராவுக்கு வெளியிலும் அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான், நல்ல பிள்ளை, இன்ஸ்டாகிராமில் லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள், உள்ளங்கை மட்டும் ஐஸ்கட்டி. "எனக்கு மூணே வரிதாம்மா. ஆனா ப்ராம்ப்டிங் இல்லாம நான் பண்ணினதே இல்ல." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நான் மட்டும் பண்ணியிருக்கேனா?" "நீங்க பெரிய ஆக்டர் ஃபேமிலிம்மா. உங்களுக்கு ரத்தத்துலயே இருக்கும்." ரத்தத்தில். எல்லோரும் இதையே சொல்கிறார்கள், ரத்தத்தில் என்னதான் இருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டு சர்க்கரை இருக்கிறது என்றார். "வசனத்தைப் புடிச்சுத் தொங்காதேடா" என்றாள். "என்னைப் பாரு. நான் சொல்றதைக் கேட்டியானா உனக்குக் கோபம் வரும். கோபம் வந்தா வரி வரும்." சொல்லிவிட்டு, நமக்கு யார் இதைச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். உமாபதி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வந்ததும், "நான் வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கறேன் மேடம்" என்று ஜோக் அடித்தார். அவள் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. ப்ராம்ப்டிங் போய்விட்டால் அந்த மனுஷனை இந்த யூனிட்டில் எதற்கு வைத்திருப்பார்கள்? அந்த நினைப்பு இத்தனை நாள் வரவில்லை, இப்போது, இந்த நேரம் பார்த்து வருகிறது. வராதே. ஷாட்டுக்கு ஷாட் கன்டின்யுட்டி பார்ப்பார், ஆர்ட்டிஸ்ட் தேதி பார்ப்பார், அவருக்குத் தெரியாத வேலையா. அவருக்காக நான் ஊமையாக இருக்க முடியாது. நினைத்ததும் நெஞ்சில் ஒரு குத்து, சவுண்ட்காரருக்குக் கேட்டிருக்கும்.

"மேடம், ரெடி." அவ்வளவுதான், நாற்காலியை எடுத்துவிட்டார்கள், தரையில் ஒட்டிய டேப்பின் மேல் கால் போய் நின்றது. எல்லோரும் சைலன்ஸ், யாரும் நடக்காதீங்க, செல்போன் ஆஃப். ரோல் சவுண்ட். ரோல் கேமரா. கிளாப் அடிக்கிற கட்டை மூக்குக்கு நேரே வந்து அறைந்துவிட்டுப் போனது. அந்த நிசப்தம். ஆண்டவனே, இவ்வளவு நிசப்தத்தில் அவள் நின்றதே இல்லை, எப்போதும் ஒரு குரல் முன்னால் போகும், இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு போகிறவர் போல, இப்போது டார்ச் இல்லை. ஆக்‌ஷன். "அப்பா வாசல்ல நிக்கறாரும்மா." "நிக்கட்டும்." அது அவள் குரல். ஹாலில், விளக்குகளுக்கு நடுவில், கட்டையாக, சத்தமே இல்லாத இடத்தில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்த மாதிரி. "இந்த வாசல்ல நான் நின்ன நிலை அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்னு பாக்கட்டும்." துண்டு எங்கே, இதோ, மடி. "உன் பரீட்சை ஃபீசுக்கு நான் யார் வீட்டு வாசல்ல நின்னேன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது, யாருக்கும் தெரியாது, பேசு, துண்டை மடித்தாயிற்று, கை சும்மா இருக்கிறது, இருக்கட்டும், மூன்றாம் பக்கம் ஜன்னலிடம், ஜன்னலுக்கு வெளியே விளக்கு பிடிக்கிறவரின் முழங்கை, அந்த முழங்கையிடம் சொல்கிறாள், புருஷன் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுகிறவர்களைப் பற்றி, பூட்டை மாற்றியதைப் பற்றி, வரி வருவது அவளுக்குத் தெரியவில்லை, போவதுதான் தெரிகிறது, சொல்லி முடித்த பிறகுதான் ஓ இதைச் சொல்லிவிட்டேனா என்கிற மாதிரி. கழுத்து நேராக இருக்கிறது. இப்போது திரும்ப வேண்டும், திரும்பினால் பையன் கேட்பான், அப்போ நான் உனக்கு யாரும்மா. திரும்பினாள். ஹரீஷ் கேட்கவில்லை.

அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. வரி போய்விட்டது. எங்கே போயிற்று என்று அவன் கண் தேடுகிறது, கழுத்து சாய்கிறது, இடது பக்கம், அவளுக்கு நன்றாகத் தெரிந்த சாய்வு, பையன் முகத்தில் ஒரு காது முளைக்கிறது, நான் இப்படித்தான் இருந்தேனா, இத்தனை வருஷம் நாட்டுக்கே இப்படித்தான் தெரிந்தேனா. கேமரா ஓடுகிறது. உமாபதியின் உதடு பிரிகிறது. அவருக்குத் தாங்காது, அவரால் முடியாது, ஒரு நடிகன் வாய் திறக்காமல் நின்றால் அவருக்கு உடம்பு பதறும், இதோ சொல்லப் போகிறார், ஒரு எழுத்து போதும், மைக் பிடித்துவிடும், கட் என்பார்கள், பார்த்தீங்களா மேடம், வராது மேடம், அடுத்த வாரம் பழையபடி. வேண்டாம் உமாபதி. அவள் டேப்பை விட்டு நகர்ந்தாள். ரிகர்சலில் இல்லாத நகர்வு, கேமராக்காரர் திட்டினால் திட்டட்டும், நாலு எட்டில் போய் ஹரீஷுக்கும் உமாபதிக்கும் நடுவில் நின்றாள், பையனின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "அங்க என்னடா பாக்கறே? யார் வந்து உனக்குச் சொல்லிக் குடுக்கணும்? என்னைப் பாரு. நீ எனக்கு யாருன்னு கேக்கணும், அதானே? வாயில வரலையா? கேளுடா." ஹரீஷ் அவளைப் பார்த்தான், நிஜமாகவே பார்த்தான், காலையிலிருந்து முதல் தடவையாக. "அப்போ... அப்போ நான் உனக்கு யாரும்மா?" என்றான், குரல் கிழிந்தது, கிளிசரின் இல்லாமல் கண் நிரம்பியது. அட, பையனுக்கு நடிப்பு வருகிறதே. "நீ என் பிள்ளை. அதுக்காக அவர் என் புருஷன் ஆகிட முடியாது." நாலாம் பக்கம். நாலாம் பக்கத்துக்குள் அவள் நடந்து போனாள், தன் வீட்டுக்குள் போகிற மாதிரி, விளக்கு போடாமல். கடைசியில் அந்த வரி வந்து நின்றது. என்ன இருந்தாலும் இந்தத் தாலி அவர் கட்டினது, இது கழுத்துல இருக்கற வரைக்கும் அவர்தான் எனக்குத் தெய்வம். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது, வாஷிங் மெஷினிடம் எத்தனையோ தடவை சொன்ன வரி. நாக்கு வரைக்கும் வந்தது. அபரஞ்சி வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். ஹால் முழுக்க அந்த மூச்சுதான் கேட்டது. "இந்த வீட்டுக்குள்ள அவருக்கு இடம் இல்ல" என்றாள், மெதுவாக, கதவை நோக்கி.

கட் வர நேரமாயிற்று. வந்ததும் யாரோ கை தட்டினார்கள், சேனல் பெண் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள், ரகுநந்தன், "மேடம், அந்த மூவ்மெண்ட் எங்கேர்ந்து வந்துது மேடம்? வச்சுக்கறோம், அப்படியே வச்சுக்கறோம்" என்று இரண்டு தடவை சொன்னார். ஹரீஷ் சுவரோரம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். சவுண்ட்காரர் ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்துக் கட்டை விரலைக் காட்டினார். அபரஞ்சி சோபாவில் உட்கார்ந்தாள். சந்தோஷமா என்று கேட்டால் தெரியாது, பசித்தது, நல்ல பசி. உமாபதி பேப்பரோடு பக்கத்தில் வந்து குனிந்தார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, பழைய ரேஷன் கடைக் குரலில்.

"மேடம், நாலாவது பக்கத்துல ஒரு வரி விட்டுப் போச்சு. தாலி வரி. டைரக்டர் கவனிக்கல. தனியா க்ளோஸப் எடுக்கறப்ப சேர்த்துக்கலாம், நான் மெள்ள எடுத்துக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது."

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. எத்தனையோ வருஷம் அவளைக் காப்பாற்றிய முகம்.

"விட்டுப் போகல உமாபதி" என்றாள். "நாக்கு வரைக்கும் வந்துது. வேணாம்னுட்டேன்."

அவர் பேப்பரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்து, அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.